டப்பாக்காரர் வீட்டு மூக்கு

அந்த ஊரில் எதுவும் விளையாது. ஆற்றுப் படகு அந்த ஊருக்கு அப்பால் போகாது, ரயில் அந்த ஊருக்கு இப்பால் வராது. அதனால் படகில் வந்த சரக்கெல்லாம் அங்கே இறங்கி, வேறு ஒன்றில் அடைபட்டு, ரயில் ஏறியாக வேண்டும். அடுத்தவன் சரக்கை அடைத்துக் கொடுத்தே அந்த ஊர் வயிறு வளர்த்தது. முதலில் தோல் பை தைத்தார்கள். தோல் பை நாறுகிறது என்று சாடி வந்தது. சாடி உடைகிறது என்று பீப்பாய் வந்தது. பீப்பாய் கனக்கிறது என்று தகர டப்பா வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது புதிதாக வந்தவன் மாடி கட்டினான், முன்னால் இருந்தவன் அதைப் பார்த்து வயிறெரிந்தான். பிறகு மாடி கட்டியவனின் முறை வரும், அவன் வயிறெரிவான். சாடித் தெரு, பீப்பாய்த் தெரு, டப்பாத் தெரு என்று வரிசையாக நடந்து போனால் எந்த வீட்டுச் சுண்ணாம்பு எப்போது உதிர ஆரம்பித்தது என்பதை வைத்தே ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம்.

நம்முடைய ஆள் டப்பாக்காரர். டப்பாத் தெருவில் பன்னிரண்டு பட்டறைகள் இருந்த காலத்தில் பிறந்தவர், மூன்று பட்டறைகள் மிஞ்சிய காலத்திலும் கத்தரியைக் கீழே வைக்காதவர். தகரத்தை வெட்டி, மடித்து, ஈயத்தால் பற்றவைத்து, மூடி பொருத்தினால் தண்ணீரில் அமுக்கினாலும் ஒரு குமிழி வராது. கை அப்படி. மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதில் ஒரு ஓட்டை இருந்தது, அந்த ஓட்டைக்கு ஒரு பெயரும் இருந்தது: சகலை.

கதை மாமனாரிடமிருந்து ஆரம்பிக்கிறது. மாமனார் பீப்பாய்க்காரர், இரண்டு பெண்களைப் பெற்றவர். பீப்பாய்த் தெருவில் மற்றவர்கள் டப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் திட்டவில்லை. தன் தொழிலை எவன் கொல்கிறானோ அவன் வீட்டுக்கே பெரியவளைக் கொடுத்தார். நிச்சயம் பேசிய அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் டப்பாக்காரரின் தோளில் கை வைத்து, "இனிமே டப்பாதான்" என்றார். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு அந்த இரண்டு சொற்கள் போதும். பட்டம் வாங்கியவன் மாதிரி ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

ஏழு வருஷம் கழித்துச் சின்னவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை அட்டைப்பெட்டி செய்கிறவன். ஊருக்குப் புதுசு, வயசிலும் சின்னவன், கையில் ஒரு தழும்பு கிடையாது. அட்டையை மடித்துப் பசை தடவி ஒட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று டப்பாக்காரர் பந்தியில் சொல்லிச் சிரித்தார். அப்போது மாமனார் எழுந்து, அதே கூடத்தில், அதே கையை அந்தச் சின்னவன் தோளில் வைத்து, "இனிமே அட்டைதான்" என்றார்.

ஒரே வாக்கியம். ஒரு சொல்தான் மாறியிருந்தது. டப்பாக்காரர் பாதி இலையோடு எழுந்துவிட்டார். மாமனார் பெண்ணைக் கொடுக்கவில்லை, தீர்ப்புக் கொடுத்தார் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தீர்ப்பில் அவர் தோற்றுவிட்டார். கிழவர் மறைந்து எட்டு வருஷம் ஆகியும் அந்தக் கை சகலையின் தோளிலேயே இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

சகலை ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவனோ பார்க்கும் இடத்தில் எல்லாம் "அண்ணே, அண்ணே" என்று வழி விட்டு நிற்பான். மரியாதை கெட்டவனோடு சண்டை போடலாம். மரியாதை கொடுக்கிறவனை என்ன செய்வது? வயிற்றெரிச்சலைத் தவிர வேறு வழியில்லை. சகலை வெட்டும் இயந்திரம் வாங்கியபோது டப்பாக்காரர், "ரொம்பச் சத்தம். அக்கம்பக்கத்துல மனுஷன் இருக்க வேண்டாமா?" என்றார். முப்பது வருஷமாகத் தகரத்தைச் சுத்தியால் அடிக்கிற மனிதர் இதைச் சொன்னதைக் கேட்டு அவர் பட்டறை ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, நேர் வழியை விட்டுவிட்டு, சகலையின் பட்டறை இருக்கும் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். வாசலில் அட்டைக் கட்டு உயர்ந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. குறைந்திருந்தால் அதை ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து அப்போதும் இறங்காது.

இனி மூக்கு.

அந்த ஊர்த் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பீப்பாய்க் காலத்திலிருந்தே உண்டு. பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு அவன் பட்டறை நாற்றம் தெரியாது. டப்பாப் பட்டறையில் நாள் முழுக்க ஆசிட் புகை, ஈயப் புகை, அடுப்புக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய். இரண்டு வருஷத்தில் மூக்கு செத்துவிடும். ஆனால் டப்பாவுக்குள் போகிறது தேயிலை. தேயிலை ஒரு திருட்டுப் பூனை. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் நக்கி எடுத்துக்கொள்ளும். கழுவித் தவிடு போட்டுத் தேய்த்த டப்பாவில் துளி ஆசிட்டோ எண்ணெயோ மிஞ்சியிருந்தால் கடல் கடந்து போய்க் கோப்பையில் தெரியும். அதனால் பட்டறைக்குள் கால் வைக்காத ஒருவர் கடைசியில் மோந்து பார்த்தால்தான் சரக்கு வெளியே போகும். இதற்கு மூக்கு பார்ப்பது என்று பேர். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் பார்ப்பார்கள்.

மாமனார் வீட்டில் இரண்டு பெண்களையும் பீப்பாய் மோந்து பார்க்கச் சொல்வாராம். சின்னவளுக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். பெரியவள் மூக்கோ மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவிய பீப்பாயை மோந்து, இதில் போன வருஷம் இன்னது இருந்தது என்று சொல்லிவிடும். அந்தப் பெரியவள்தான் டப்பாக்காரர் மனைவி. காலை பதினொரு மணிக்கு, சமையல் அடுப்பு பற்றவைக்கும் முன்னால், வெறும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள். டப்பாக்கள் வெளியே வரும். மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு. சரியென்றால் மூடியை அழுத்தி மூடித் தள்ளி வைப்பாள். சரியில்லை என்றால் ஒன்றும் பேசமாட்டாள். மூடியைப் போடாமல் டப்பாவைக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்த டப்பாவைப் பார்த்தாலே அதைப் பற்றவைத்தவனுக்கு முகம் சுண்டிப்போகும். அவள் மூடிய டப்பா ஒன்றுகூட இருபத்தேழு வருஷத்தில் திரும்பி வந்ததில்லை.

இந்த மூக்கைப் பற்றி டப்பாக்காரர் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. வீட்டில் இருக்கிற பொருள்தானே. சகலை வீட்டு இயந்திரத்தைப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

அந்த வருஷம் தேயிலைக் கம்பெனி ஒரு செய்தி சொல்லி அனுப்பியது. மூன்று மாதக் கப்பல் பயணத்துக்கு ஒரு பெரிய சரக்கு போகிறது. ஒரு வருஷத்துக்கு ஓயாத வேலை. டப்பாவா அட்டையா, இரண்டில் ஒன்றுதான். விருப்பமுள்ளவர்கள் ஆறு மாதிரி செய்து கொடுக்கலாம். தேயிலை நிரப்பி, நீராவி விட்ட அறையில் பத்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளூர்க் கடைச் சரக்கையெல்லாம் அதற்குள் அட்டை பிடித்துக்கொண்டிருந்தது. டப்பாக்காரர் பட்டறையில் இருபது பேர் இருந்த இடத்தில் ஆறு பேர். இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறையைச் சாத்த வேண்டியதுதான். சாத்தினால் சகலை நேரில் வந்து, "கவலைப்படாதீங்க அண்ணே" என்று சொல்வான். பட்டறை போவதைவிட அந்த ஆறுதலை நினைக்கத்தான் டப்பாக்காரருக்குக் குலை நடுங்கியது.

சகலையும் மாதிரி கொடுக்கிறான் என்று தெரிந்த மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கடைக்குப் போகிறேன் என்று சுற்றிக்கொண்டு போனார். சகலை பட்டறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தங்கைக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். எதிரே சகலை. அவன் ஒரு புது அட்டைப்பெட்டியை நீட்ட, அவள் வாங்கி, மூடியைத் திறந்து, முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. நின்றிருந்தால் அடுத்த நொடி என்ன நடந்தது என்று பார்த்திருக்கலாம். ஆனால் பொறாமைக்காரனுக்குப் பாதி பார்த்தால் போதும், மீதியை அவனே தைத்துக்கொள்வான். வீடு வந்து சேர்வதற்குள் டப்பாக்காரர் முழுச் சட்டையும் தைத்துவிட்டார். இன்றைக்கு மட்டுமா, எத்தனை வருஷமாகவோ. சகலை பெட்டி இவ்வளவு தூரம் ஏறியது எப்படி? இயந்திரத்தாலா? என் வீட்டு மூக்கால். மாமனாருடைய தொழில், மாமனாருடைய கை, மாமனாருடைய வார்த்தை எல்லாம் அவனுக்கு. மிஞ்சியது இவள் மூக்கு ஒன்று, அதுவும் அவனுக்கு. இப்படியே போனது புத்தி.

மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் பொறாமைக்கு வேலை போய்விடும்.

மறுநாள் காலை ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஆறு மாதிரியையும் தன் கையாலேயே செய்தார். வெட்டியதும் மடித்ததும் பற்றவைத்ததும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனசு வேலையில் இல்லை, கம்பெனி மேஜை மேல் அடுத்தடுத்து வைக்கப்போகும் அட்டையிலும் டப்பாவிலும் இருந்தது. பக்கத்தில் வைத்தால் சகலையின் பெட்டி பிச்சைக்காரன் மாதிரி தெரிய வேண்டும். அதனால் செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தார். பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டு டப்பாவை முகம் தெரியும்படி தேய்த்தார். வெளிப்பக்கம்தானே என்று ஒரு நினைப்பு. அந்தக் கையாலேயே மூடிகளை எடுத்துப் பொருத்தினார். பட்டறைக்குப் புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே தேயிலை டப்பா பக்கம் அந்தத் துணி வரக்கூடாது என்பதுதான். செத்த மூக்குக்கு எதுவும் உறைக்கவில்லை. பளபளப்பு மட்டும் கண்ணைப் பறித்தது.

பதினொரு மணிக்கு மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை. ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். டப்பாக்காரர் ஆறையும் கோணியில் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"வேண்டாம். ஊருக்கே பொதுவான மூக்கு என் டப்பாவுக்கு எதுக்கு?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசலில் நின்றபடியே புடவைத் தலைப்பில் கையை நிதானமாகத் துடைத்தாள், விரல் விரலாக. அவள் திரும்பி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் பதினொரு மணிக்கு அவள் வாசலுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. கேளாத ஒரு சொல் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனியின் நீளமான அறையில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மானேஜர் பெரிய மனிதர், நிதானமானவர். டப்பாவைத் திறந்து தேயிலையைக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஒரு வாய் உறிஞ்சி, பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பினார். "மண்ணெண்ணெய்" என்றார். இன்னொரு டப்பா, இன்னொரு வாய். அதுவும் மண்ணெண்ணெய். அடுத்து சகலையின் பெட்டி. அதிலும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். "பசை புளிச்சிருக்கு" என்றார். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வேலையை வெளியூருக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் டப்பாக்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம். தன் பட்டறை போனது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவனுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை என்று நெஞ்சு இரண்டு தரம் துள்ளியது. மூன்றாவது தரம் துள்ளப் போகும்போதுதான் அது அடங்கியது.

பசை புளித்திருக்கிறது. புளித்த மாவுப் பசையை அவள் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். அவள் மோந்து பார்த்த பெட்டி என்றால் இது இங்கே வந்திருக்காது. ஆகவே அவள் மோந்து பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, என்றைக்கும் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா, மானேஜர் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் கணக்கு விளங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மானேஜர் சும்மா விடவில்லை. இத்தனை வருஷத்தில் உங்கள் டப்பாவில் ஒரு குறை வந்ததில்லையே, இந்தத் தடவை மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார். டப்பாக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "என் வீட்டுல மோந்து பாப்பாங்க. இந்தத் தடவ நான் பாக்க விடல" என்றார். மானேஜர் அதை இரண்டாவது தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு எங்கே வீடு என்று விசாரித்தார்.

வெளியே வாசலில் சகலை காத்திருந்தான். அவன் முகமும் தொங்கித்தான் இருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை.

"அண்ணே, பத்து வருஷமா அண்ணிகிட்ட கேக்குறேன், ஒரே ஒரு தடவ மோந்து பாருங்கன்னு. அன்னிக்குக்கூட ஆசையா வாங்கி முகத்துகிட்ட கொண்டுபோயிட்டு, அப்படியே மூடிக் குடுத்துட்டாங்க. எங்கப்பா இந்த மூக்க டப்பாவுக்குக் குடுத்துட்டார் தம்பி, நான் எடுத்துக் குடுக்க முடியாதுன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, சிரிக்க முயன்றான். "மாமா உங்களுக்கு மூக்கக் குடுத்தார். எனக்கு வாயத்தான் குடுத்தார். உங்களப் பாத்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

சின்னவள் பேச ஆரம்பித்தால் அடைமழை என்பது ஊரறிந்த விஷயம். வேறு சமயமாக இருந்தால் டப்பாக்காரரும் சிரித்திருப்பார். இருபது வருஷமாகத் தான் அவனைப் பார்த்து எரிந்தபோது, அவன் தன்னைப் பார்த்து எரிந்திருக்கிறான். எதைப் பார்த்து எரிந்தானோ அதைத்தான் இவர் பத்து நாளைக்கு முன்னால் வாசலில் வைத்து அவமானப்படுத்தினார்.

நேரே வீட்டுக்குப் போக முகமில்லை. படகுத் துறையில் போய் நின்று ஏற்றுவதையும் இறக்குவதையும் பார்த்தார், பீப்பாய்த் தெரு வழியாக ஒரு சுற்றுச் சுற்றினார். மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று யோசித்தார். அந்த மனிதருக்குத் தகரத்தில் வராத மடிப்பு இல்லை, வாயில் மட்டும் எதுவும் மடியாது. வீடு வந்தபோது கூடத்தில் கம்பெனி குமாஸ்தா உட்கார்ந்திருந்தார், கையில் பாதி குடித்த தேநீர். கம்பெனி வாசலில் இனி உள்ளே வருகிற ஒவ்வொரு டப்பாவும் பெட்டியும் மூக்கு பார்த்த பிறகுதான் வாங்கப்படும், அதற்கு அம்மா வர வேண்டும், மாதச் சம்பளம், இதுதான் மானேஜர் சொல்லி அனுப்பியது. கப்பல் சரக்கு இந்த ஊருக்கு இல்லை. ஆனால் உள்நாட்டுச் சரக்கில் ஒரு பங்கு டப்பாவுக்கும் ஒரு பங்கு அட்டைக்கும் உண்டு, மூக்கில் தேறினால்.

டப்பாக்காரர் வாசற்படியிலேயே நின்றார். மனைவி அவரைப் பார்த்தாள். குமாஸ்தாவிடம் திரும்பினாள்.

"பொது மூக்குன்னு பேர் ஏற்கனவே வந்தாச்சு. வேலைக்காவது போறேன்னு சொல்லுங்க."

இப்படியாக டப்பாக்காரருக்குப் பொறாமைப்பட இரண்டாவது ஆள் கிடைத்தது. காலை எட்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு அவள் கிளம்புவாள். சாடித் தெருவில் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவர்கள், டப்பாத் தெருவில் "இன்னிக்கு எங்களுது வருதும்மா" என்று குழைகிறவர்கள். அவர் அதே தெருவில் ஐம்பது வருஷமாக நடக்கிறார், ஒரு நாய் எழுந்து நின்றதில்லை. சகலை போகிற இடமெல்லாம் "எங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்க என்ன, எங்க? என்று டப்பாக்காரருக்கு நாக்கு வரை வரும். ஊரெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை வாங்க நின்றது. அவர் வீட்டில் இருந்துகொண்டே வாங்க முடியாமல் நின்றார். மன்னிப்பு மட்டும் இன்னும் வாயிலேயே இருந்தது.

முதல் சரக்கு கொடுக்கிற நாள் வந்தது. கம்பெனி வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவள், பக்கத்தில் அதே குமாஸ்தா. வண்டிகள் வரிசையாக நின்றன. டப்பாக்காரர் தாமே கொண்டுவந்திருந்தார். ஆட்களிடம் விட மனசில்லை. மூன்று தண்ணீர் கழுவி, வெயிலில் காயவைத்து, தவிடு போட்டுத் தேய்த்து, கடைசியாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து அடுக்கிய டப்பாக்கள். அவளுக்குக் காட்டுவதென்றால் அப்படித்தான் தோன்றியது. அவருக்குப் பின்னால் சகலையின் வண்டி.

குமாஸ்தா எடுத்துக் கொடுக்க, அவள் ஒரு டப்பாவைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு. பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, இன்னொரு மூச்சு. தன் முகத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்து ஒரு மாதம் ஆயிற்றே என்று டப்பாக்காரருக்குத் தோன்றியது. தன் கையால் செய்த தகரத்தின் மேலேயே அவருக்குப் பொறாமை வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். மூடியைப் போடவில்லை. டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் நான்கு எடுத்தாள், நான்கும் கவிழ்ந்தன. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "மறுபடி கழுவிக் கொண்டு வரலாம்னு எழுதிக்குங்க" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள். டப்பாக்காரர் தம் வண்டியைத் திருப்பிக்கொண்டு, பின்னால் நடக்கப்போவதைப் பார்க்கத் திராணியில்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் வந்து, குடையை மூலையில் வைத்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடையில் கேட்டுவிட்டார்.

"அவனோடது என்னாச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"உங்களுத ஏன் கவுத்து வெச்சேன்னு கேக்கலியே நீங்க. இருபது வருஷமா இதே கேள்விதான். அவனுக்கு என்ன, அவனுக்கு என்ன. ஒரு தடவ உங்களுதக் கேளுங்க."

டப்பாக்காரர் நடையை நிறுத்தினார். எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தம் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் ஈயம், விரலெல்லாம் தகரம் கிழித்த கோடு.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார். அது எதற்கு என்று இருவருக்கும் தெரியும், அதனால் அவள் அதைத் தொடவில்லை. "சரி, சொல்லு. என்னோடது ஏன்? மூணு தண்ணி கழுவினேனே. மண்ணெண்ணெய் பக்கமே போகலியே."

"டப்பா நல்லாத்தான் இருந்துச்சு. கழுவின பிறகு நீங்க ஒவ்வொண்ணையும் எடுத்துத் தடவிப் பாத்திருக்கீங்க. உங்க கை வாசன. மொதல் மூச்சுலயே தெரிஞ்சுபோச்சு." அவள் அவர் கையை எடுத்து, பழைய பதினொரு மணி வழக்கம்போல முகத்தருகே கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்தாள். "இது டீயில இருக்கக்கூடாது. வீட்டுல இருக்கலாம்."